ஆறாவது கோடு

எங்கள் வீட்டில் அறுபத்துநான்கு எலிகள் இருந்தன. மீனாட்சிபுரத்தில் மற்றவர்கள் வீட்டிலும் அத்தனை இருந்திருக்கலாம். நான் எண்ணி வைத்திருந்தேன், அதுதான் வித்தியாசம்.

என்னுடையவை வெள்ளை எலிகள். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில், சல்லடைக் கம்பி அடித்த மரப்பெட்டிகளில், சோளமும் நிலக்கடலையும் தின்றுகொண்டு, எனக்கு டாக்டர் பட்டம் வாங்கித் தருவதற்காக வளர்ந்துகொண்டிருந்தன. அம்மாவுக்கு இது பெரிய தலைக்குனிவு. ஆறு கறவை மாடு கட்டி, பால் ஊற்றி என்னை எம்.எஸ்ஸி. படிக்க வைத்தவள். ஊரெல்லாம் எலிக்கு மருந்து வைக்கும்போது மகன் கடலை வைக்கிறான் என்றால் எந்தத் தாய்க்குப் பொறுக்கும்?

"எலியில என்ன கண்ணு ஆராச்சி?" என்று வருகிறவர்கள் கேட்டால், "உள்ளுறுப்பு" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். எந்த உறுப்பு என்று யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை. என் நல்ல காலம்.

கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆண் எலியின் விரையில், விந்தணுவை உண்டாக்கும் செல்களில் மட்டும் ஒரு நொதி இருக்கிறது. இதயம், ஈரல், தசை என்று உடம்பின் மற்ற இடங்களில் அதே வேலையைச் செய்ய ஐந்து நொதிகள் உண்டு. ஆறாவதான இது மட்டும் அந்த ஒரு வீட்டைத் தாண்டி வெளியே கால் வைப்பதில்லை. குட்டி பிறந்து பத்தாம் நாள் தேடினால் இருக்காது. பதினாலாம் நாள் வாக்கில் மங்கலாகத் தலைகாட்டும். மாதம் ஒன்றானால் சட்டமாக உட்கார்ந்துவிடும். மற்ற ஐந்தும் வாடிப்போகிற சூட்டிலும் அசையாது. அது எந்த நாளில் வருகிறது, எந்தச் செல்லோடு வருகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. இதற்காக நான்கு வருடமாக நாள் கணக்குப் பார்த்து எலிக்குட்டிகளைக் கொன்றுகொண்டிருந்தேன். பாவ புண்ணியத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இருந்திருந்தால் வேறு துறை எடுத்திருப்பேன்.

பார்க்கும் முறை எளிது. விரல் நீளக் கண்ணாடிக் குழாயில் ஜெல்லி மாதிரி ஒன்றை உறைய வைப்போம். அதன் தலையில் விரையை அரைத்த சாற்றை, மனிதன் என்றால் விந்தை, விட்டு மின்சாரம் பாய்ச்சினால் நொதிகள் ஒவ்வொன்றும் தன் வேகத்தில் கீழே இறங்கும். பிறகு ஜெல்லியை உருவிச் சாயத்தில் போட்டால், நின்ற இடத்தில் ஊதாக் கோடு விழும். மனிதனோ எலியோ, ஆண்பிள்ளைச் சாறு என்றால் ஆறு கோடு. வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது போலத்தான். நான் பாலக்காட்டுப் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் விலங்கியல் வாத்தியார். எனக்கு அந்த உவமைதான் வரும்.

எலிகளுக்குத் தீனி வைப்பது என் மனைவி மருதாத்தாள். மறையூரிலிருந்து வந்தவள். அவள் அப்பா உடுமலைப் பக்கம் இருந்து மலையேறிப் போய்க் குத்தகைக்குக் கரும்பு போட்டு, வெல்ல ஆலை வைத்தவர். எலி என்றால் அலறுவாள் என்று நினைத்தேன். வந்த மூன்றாம் மாதம், "ஏனுங்க, நாலாம் பொட்டியில இருக்கறது நாளைக்கு ஈன்றிருமுங்க" என்றாள். மறுநாள் ஈன்றது. எனக்கு வயிற்றைத் தடவிப் பார்த்தும் தெரியாதது, அவளுக்கு நடையைப் பார்த்தே தெரிந்தது. பெட்டிக்குப் பக்கத்து மேசையில் நான் கோயமுத்தூரில் பழசாக வாங்கிய பித்தளை மைக்ரோஸ்கோப் ஒன்று இருந்தது. அதைத் தினமும் புளி போட்டுத் துலக்கித் துடைத்து வைப்பவளும் அவள்தான். குத்துவிளக்கு மாதிரி மின்னும்.

கல்யாணமாகி ஆறு வருடம். எலி இருபது நாளுக்கு ஒரு தரம் ஈன்றது. அம்மா அதை வாசலில் நின்று, பால் வாங்க வருகிறவர்களிடம், மருதாத்தாள் காதில் விழுகிற மாதிரி எடுத்துச் சொல்லுவாள்.

கோயமுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் இரண்டு தடவை கூட்டிப்போய் வயிற்றைச் சுத்தம் செய்தார்கள். இரண்டாம் தடவை காய்ச்சல் கண்டு பதினைந்து நாள் படுத்திருந்தாள். கார்த்திகையில், "கொஞ்ச நாளைக்கு ஆத்தா ஊட்டுல இருந்துட்டு வரட்டும்" என்று அம்மா மறையூருக்கு அனுப்பிவைத்தாள். நானும் பஸ் ஏற்றிவிட்டேன். 'கொஞ்ச நாள்' என்றால் எவ்வளவு என்று கேட்கவில்லை. எலிக்குட்டி விஷயத்தில் ஒரு நாள் பிசகினாலும் நோட்டில் சிவப்பு மையால் குறிக்கிறவன், இதைக் கேட்கவில்லை.

அது எழுபத்துநான்காம் வருடத் தை மாதம். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி பேராசிரியர் அமிர்தநாதன். ஒரு நாள் என் கட்டுரையைப் புரட்டிவிட்டு, "எலியோடு நிறுத்திவிட்டால் எலிதான் படிக்கும். ஒப்பிட ஒரு மனித மாதிரியும் வை" என்றார்.

வைப்பதற்கு ஆள் தேட வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஒப்பிடுவதற்கு வைக்கிற மாதிரி எப்போதும் சந்தேகத்துக்கு இடமில்லாததாக இருக்க வேண்டும் என்பது பாடம். என்மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. ஆறு வருடம், இரண்டு ஆபரேஷன், ஒருத்தியின் கண்ணீர், இவ்வளவுக்கும் பிறகு, 'இது நிச்சயம் சரியாக இருக்கும்' என்று குறித்து, முதல் குழாயில் எலியையும் இரண்டாவதில் என்னையும் வைத்தேன். எங்கள் பக்கத்து ஆண்பிள்ளையால் மட்டுமே செய்ய முடிந்த தவறு அது.

எலிக்கு ஆறு கோடு. எனக்கு ஐந்து.

சாயம் பழசு என்று நினைத்தேன். சாயம் பழசென்றால் எலிக்கும் விழுந்திருக்கக் கூடாது. பழைய ரேடியோவைப் பிரித்து நானே செய்த மின்கருவி அது. மின்சாரம் இறங்கி ஏறியிருக்கும் என்று நினைத்தேன். அப்படியென்றால் மற்ற ஐந்தும் இத்தனை ஒழுங்காக வந்து நிற்காது. மறுபடி செய்தேன். மூன்றாம் முறையும் செய்தேன். ஐந்து பேர் 'பிரசன்ட் சார்' என்றார்கள். ஆறாவது பெயரைக் கூப்பிட்டால் பெஞ்சு காலி.

இதில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விந்தில் அணு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க நொதியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் ஒரு நிமிடம். புகுமுக வகுப்புப் பையன் பார்த்துச் சொல்லிவிடுவான். ஒவ்வொரு முறையும் நாள் முழுக்க இழுக்கிற சோதனையை நான் மூன்று முறை செய்தது அந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்துதான்.

வேறொரு மனிதனை வைத்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். மனிதச் சாற்றில் இந்தக் கோடே விழாது என்று ஆகிவிட்டால் பிழைத்தேன். அறிவியல் தோற்று நான் ஜெயித்துவிடலாம்.

கோவிந்தாபுரத்தில் அப்பாஸ் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைக் கடை வைத்திருந்தான். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஐந்து பிள்ளைகள். இந்த விஷயத்தில் அவனைவிட நம்பகமான மாதிரி சுற்றுவட்டாரத்தில் கிடையாது. வியாழக்கிழமை சைக்கிளில் போனேன். கடையில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, மூட்டைகளுக்கு நடுவில் நின்று, ஒரு காலி மைக்கூட்டை நீட்டி, எனக்கு வேண்டியதைச் சொன்னேன்.

அப்பாஸ் என்னையும் பார்த்தான், மைக்கூட்டையும் பார்த்தான்.

"வாத்தியாரே, வெயில்ல வந்தியா?"

"வெளையாடலடா. ஆராய்ச்சிக்கு."

"எலிய வெச்சுத்தானே பண்ணுவே? எலி தீந்துபோச்சா?"

"ஒரு மனுசனும் வேணுங்கறாங்க."

"ஏன்டா, கோயமுத்தூர்லருந்து பாலக்காடு வரைக்கும் ஒனக்கு வேற மனுசனே கெடைக்கலியா? ருக்கியாவுக்குத் தெரிஞ்சா என்னையத் தராசுத் தட்டுல வெச்சு வித்துப்போடுவா." தாடியைச் சொறிந்தான். "இது கூடுமா கூடாதான்னு பள்ளிவாசல்ல கேக்கோணும். எப்புடிக் கேக்கறது? 'அசரத், ஒரு வாத்தியான் மைக்கூட்டோட வந்திருக்கான்'னா?"

"கேக்காத. யார்கிட்டயும் கேக்காத."

"ஒன்னுத வெச்சுப் பாக்கறதுதானே?"

"என்னுது..." என்றேன். "என்னுது சாயம் சரியில்லாமப் போச்சு."

அப்பாஸ் சிரிப்பை நிறுத்தினான். மூடையைத் தைக்கிற கோணி ஊசியை எடுத்து ஒரு சாக்கில் குத்தி வைத்தான். என் கையிலிருந்து மைக்கூட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"நாளைக்குக் காலைல காலேஜிக்குப் போற வழியில வந்து எடுத்துக்க," என்றான். பிறகு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "நாயித்துக்கிழம எங்கூர்லருந்து பொண்ணு வூட்டுக்காரங்க ஒங்க ஊட்டுக்கு வர்றாங்களாமே? கெணத்துக்காட்டார் மக. உங்கம்மா ரெண்டு தரம் வந்து பேசியாச்சு. நெசமா?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. எனக்குக் கல்யாணம் என்பது புண்ணாக்குக் கடையில்தான் எனக்குத் தெரிகிறது.

"மருதாத்தா?" என்றான் அப்பாஸ். அவன் வீட்டு நோன்புக் கஞ்சிக்கு அவள் வெல்லம் அனுப்புவாள். தங்கச்சி என்றுதான் கூப்பிடுவான்.

நான் சைக்கிளை எடுத்தேன்.

வீட்டில் அம்மாவிடம் கேட்டேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சொன்னாள். "ஆமாங் கண்ணு. சொல்லலாம்னுதான் இருந்தேன். மறையூர்க்காரங்ககிட்டப் பெரியவங்க நாலு பேர வெச்சுப் பேசித் தீத்துக்கலாம். அந்தப் புள்ள நல்ல புள்ளதான். நான் ஒன்னும் சொல்லல. மலடாப் போச்சு, அவ என்ன பண்ணுவா? அதுக்காக நம்ம ஊடு இத்தோட நின்னுபோறதா?"

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது. கோபமென்றால் பதிலுக்கு ஏதாவது கேலி பேசித் தப்பித்திருப்பேன். முப்பத்திரண்டு வருடமாக நான் பிழைத்த வழி அது.

வெள்ளிக்கிழமை மாலை, சாயத்திலிருந்து எடுத்த மூன்று ஜெல்லிகளையும் வேறு குழாய்களில் போட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எலி, ஆறு. அப்பாஸ், ஆறு, ஆறாவது கோடு மற்றதைவிடத் தடிப்பாக, தாடி வைத்த மாதிரி. நான், ஐந்து.

அறிவியல் தோற்கவில்லை.

நிஜத்தைச் சொல்கிறேன்: முதலில் எனக்கு வந்த எண்ணம் வாயை மூடிக்கொள்வது. மூன்று ஜெல்லித் துண்டுகள். கழுவித் தொட்டியில் ஊற்றினால் முடிந்தது. கோவிந்தாபுரத்துப் பெண் வருவாள். அவளுக்கும் ஆறு வருடம். அவளையும் கோயமுத்தூருக்கு அழைத்துப்போவார்கள். டாக்டரம்மாவின் ஆபரேஷன் மேசையை நினைத்துப் பார்த்தேன். மேசையில் கிடந்த முகம் மருதாத்தாளுடையதாக இருந்தது.

குழாய்களின் வாயை அடைத்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் பஞ்சு வைத்து நிறுத்தினேன். என் வாயை நம்ப முடியாது. நடுவழியில் அது ஜோக்கடித்துவிடும். கையில் சாட்சி இருக்கட்டும்.

சனிக்கிழமை விடியலில் பொள்ளாச்சி, அங்கிருந்து உடுமலை, அங்கிருந்து மூணாறு பஸ். சின்னாறு சோதனைச் சாவடியில் ஏறிய வனக்காவலர் என் மடியிலிருந்த பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "எந்தா சாரே, அச்சாறோ?" என்றார். ஊறுகாயா என்று கேட்கிறார். கோடு கலையாமலிருக்க ஊற்றிய அமிலம் காடி வாடை அடிக்கும். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவர் உள்ளே உற்றுப் பார்த்து, "மாங்ஙயல்லல்லோ" என்று, மாங்காய் இல்லையே என்ற சந்தேகத்தோடு, திருப்பிக் கொடுத்தார்.

மறையூரில் இறங்கும்போதே வெல்லப் பாகு வாசம். ஆலை ஓடிக்கொண்டிருந்தது. சக்கையை அடுப்பில் தள்ளிக்கொண்டிருந்த பெரியமுத்து, மருதாத்தாளின் தம்பி, என்னைப் பார்த்ததும் கவையைக் கீழே போட்டான். சந்தோஷத்திலா கோபத்திலா என்று தெரியவில்லை.

"வாங்க மாப்ள. வழி தெரிஞ்சுதுங்களா?"

"பஸ்ஸுக்குத் தெரிஞ்சுது," என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. மாமனார் சந்தைக்குப் போயிருந்தார். கொட்டகையின் கோடியில் மருதாத்தாள் உட்கார்ந்து, ஆறுகிற பாகை அள்ளி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். சூடு ஆறினால் உருண்டை சேராது. கை பொறுக்கிற சூட்டில் பிடித்தாக வேண்டும். அவள் உள்ளங்கைகள் சிவந்து வெந்திருந்தன. என்னைப் பார்த்தாள். கையிலிருந்த உருண்டையை முடித்துத் தட்டில் வைத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

"அத்தை நல்லா இருக்காங்ளா?"

"இருக்காங்க."

"எலியெல்லாம்?"

"இருக்குது. உன்ன மாதிரி எனக்கு வெக்கத் தெரியல. ரெண்டு கடிச்சுது."

"நாலாம் பொட்டிதானுங்க?"

"ஆமா."

கொட்டகைக்குப் பின்னால் வாய்க்கால் ஓரம் போய் உட்கார்ந்தோம். பாட்டிலை நடுவில் வைத்தேன். சொல்ல வாயெடுத்தால் வருகைப் பதிவு, பெஞ்சு என்று வரும்போல இருந்தது. ஆகவே முதலில் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து வெயிலுக்குக் காட்டினேன்.

"இந்தக் கோடு ஒவ்வொன்னும் ஒரு சத்து மாதிரி. இந்த ஆறாவது இருக்குதே, இது விந்துல அணு இருந்தாத்தான் இருக்கும். இது எலி."

அவள் எண்ணினாள். "ஆறு."

"இது அப்பாஸ்."

"அண்ணனுதா?" வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு கண்ணில் தெரிந்தது. "அடக் கெரகமே! அவுங்ககிட்டப் போய்க் கேட்டீங்ளா? ருக்கியாக்காவுக்குத் தெரியுமுங்களா?" பிறகு எண்ணினாள். "ஆறு."

மூன்றாவது குழாயை நான் பேர் சொல்லாமல் கொடுத்தேன். இரண்டு தடவை எண்ணினாள். கீழிருந்து மேலே ஒரு தடவை, மேலிருந்து கீழே ஒரு தடவை. எண்ணி முடித்தும் குழாயைக் கீழே வைக்கவில்லை.

"இது உங்களுதுங்க," என்றாள்.

"ஆமா."

வாய்க்காலில் கரும்புத் தோகை ஒன்று வந்து கல்லில் சிக்கி நின்றது. அது விடுபட்டுப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எங்கிட்ட ஒன்னுமில்லீங்ளா?"

"ஒங்கிட்டக் கொறையிருக்குதுன்னு யாருமே கண்டுபுடிக்கல. ரெண்டு தடவயும் எல்லாஞ் சரியாத்தான் இருக்குதுன்னாங்க."

"மொதத் தடவ நீங்களும் கூட வந்தப்ப டாக்டரம்மா ஒரு சீட்டு எழுதி உங்க கையில குடுத்தாங்க. இங்கிலீசுல. மருந்துச் சீட்டுன்னு சொன்னீங்க. மருந்து எதுவும் வாங்கலியே, அது என்னுங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்தச் சீட்டு என் மேசையில், இனப்பெருக்கவியல் புத்தகத்தில், நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் அடையாளத்துக்காக இருக்கிறது. நாலு வருடமாக அங்கேயே இருக்கிறது.

"என்னையச் சோதிச்சுப் பாக்கச் சொல்லி எழுதியிருந்தாங்க."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

"நான் அந்த மேசையில கெடந்தப்ப அந்த மைக்கராஸ்கோப்பு நம்மூட்டுல இருந்துச்சுங்ளா?"

"இருந்துச்சு."

"நான் தொடச்சு வெச்சிருந்தனுங்க."

"ஆமா."

"நம்மூட்டுச் செவலைக்கு மூணு தடவ சினை நிக்கலீன்னதும் மாட்டாஸ்பத்திரிக்காரர் என்ன பண்ணுனாருங்க? மாட்ட அறுத்துப் பாத்தாருங்ளா? காளைய மாத்துனாரு. அத்தைதான் மாத்தச் சொன்னாங்க. நானுந்தான் கயித்தப் புடிச்சுட்டு நின்னேன். அன்னிக்கு யாருக்குமே தோணலீங்க. எனக்குந் தோணலீங்க." அவள் குரல் உயரவே இல்லை. "நீங்க படிச்சவரு. இதத்தான் படிச்சவரு."

மூக்கு ஒழுகியது. சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

"நாளைக்குக் கோயிந்தாபுரத்துல இருந்து ஆளுக வர்றாங்க," என்றேன்.

"தெரியுமுங்க. அப்பாஸண்ணன் நேத்தே வெல்ல லாரிக்காரர்கிட்டச் சொல்லிவுட்டுட்டாரு."

"நீ கெளம்பு. ரெண்டு பேரும் போயிச் சொல்லலாம்."

"நான் வரலீங்க." பாட்டிலில் குழாய்களை ஒவ்வொன்றாக, உடையாமல், பஞ்சைச் சரிசெய்து வைத்தாள். "நான் பக்கத்துல நின்னா, பொண்டாட்டிக்காக மறைச்சுப் பேசறாருன்னு சொல்லுவாங்க. நீங்களாச் சொல்லோணும். அவுங்க முன்னால சொல்லோணும். எம்பொறகால மொணமொணன்னு சொல்றதுக்கா மலையேறி வந்தீங்க? நாலரைக்குப் பஸ் இருக்குதுங்க."

எழுந்து கொட்டகைக்குப் போனாள். பாகு ஆறிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கிணத்துக்காட்டாரும் அவர் மச்சினரும் வந்தார்கள். வாழைப்பழமும் பூவும் தட்டில். அம்மா காப்பி கொடுத்தாள். கிணத்துக்காட்டார் நல்ல மனிதர்; என் ஆராய்ச்சியைப் பற்றிக்கூட விசாரித்தார்.

"எலிங்களாமே, மாப்ள? எலியில என்னுங்க?"

"விரை," என்றேன்.

காப்பி டம்ளர் பாதியில் நின்றது. நான் எழுந்து நின்றேன். வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி நின்றால் வரும் என்று பார்த்தேன். வந்தது, ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை. "எனக்குக் குழந்தை பொறக்காதுங்க. கொறை எங்கிட்ட. மருதாத்தா கிட்ட இல்ல. நான் சோதிச்சுட்டேன், நாலு தடவ. உங்க பொண்ணக் கட்டுனாலும் பொறக்காது. யாரக் கட்டுனாலும் பொறக்காது." அதற்கு மேல் ஒரு கேலி தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். உள்ளே போனதும் அது கேலியாக இல்லை.

மச்சினர் தட்டைப் பார்த்தார். கிணத்துக்காட்டார் மெல்ல எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "சொன்னீங்களே, அது பெரிசுங்க," என்றார். என் தோளைத் தொடலாமா என்று யோசித்து, தொடாமல் போனார். வாழைப்பழத்தை வைத்துவிட்டே போனார்கள்.

அம்மா என்னை எதிர்த்துக் கேட்பாள், எலியைக் கொன்ற பாவம் என்பாள், படிப்பைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். சொம்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். உச்சி வெயிலில், கறக்கிற நேரமே இல்லாத நேரத்தில், செவலையின் மடியில் கை வைத்து உட்கார்ந்தாள். மாடு திரும்பிப் பார்த்தது. வெகுநேரம் கழித்து நான் போனபோது சொம்பு காலியாகத்தான் இருந்தது.

"ரெண்டு தடவயும் நான்தான கண்ணு கூட்டிட்டுப் போனேன்," என்றாள். "ரெண்டாந் தடவ அவ வரமாட்டேன்னா. கையப் புடிச்சு இளுத்துட்டுப் போனேன்."

பதினோரு நாள் கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. பன்னிரண்டாம் நாள் மதியம் பெரியமுத்து ஒரு மூட்டை வெல்லத்தோடு வந்து இறங்கினான். அவனுக்குப் பின்னால் மருதாத்தாள். அம்மா வாசலுக்கு ஓடி அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். வாங்கியவள் உள்ளே போகாமல் பையைப் பிடித்தபடியே நின்றாள். "வெயில்ல நிக்காதீங்க அத்தை," என்று மருதாத்தாள்தான் அவளை உள்ளே கூட்டிப்போனாள்.

பிறகு நேராக எலி அறைக்கு வந்தாள். பெட்டி பெட்டியாகப் பார்த்தாள். நாலாம் பெட்டியில் எட்டுக் குட்டி. "இதுக்குப் பஞ்சு வெக்கலீங்ளா? குளுருமே," என்று முந்தானை நூலைப் பிரித்துப் போட்டாள். மைக்ரோஸ்கோப்பில் தூசி படிந்திருந்தது. விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள்.

"இதுல வெச்சுக் காட்டுங்க."

"எதை?"

"மொதல்ல எலியோடத."

காட்டினேன். முக்காலியில் உட்கார்ந்து கண்ணை வைத்தவள் அப்படியே இருந்துவிட்டாள். "இத்தனையா? எல்லாம் ஓடுதுங்களே. எங்க போகுதுங்க இதெல்லாம்?" முகத்தை எடுக்காமலே கேட்டாள். எடுத்தபோது கண் ஈரமாக இருந்தது. வெகுநேரம் ஒற்றைக் கண்ணால் பார்த்தால் அப்படி ஆகும்.

"உங்களுது வைங்க."

நான் உள் அறைக்குப் போய், கண்ணாடித் தகட்டோடு வந்தேன். அவள் பார்த்தாள். நான் எலிக்குத் திருப்பியதைக் கவனித்திருந்தபடியே திருகியைத் திருப்பி, மேலும் கீழும் தேடினாள். பிறகு எழுந்து இடம் விட்டாள்.

"நீங்களும் பாருங்க."

உட்கார்ந்தேன். ஆறு வருடம் தள்ளிப்போட்ட ஒரு நிமிடம். வட்டமான வெளிச்சம், அதில் ஒன்றுமில்லை. நகர்த்திப் பார்த்தேன். அங்கேயும் ஒன்றுமில்லை. தேவைக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் அதில் இருக்கும்வரை அவளை நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை.

கீழே, வெளிச்சத்தை மேலே திருப்பும் வட்டக் கண்ணாடியருகே ஒரு கை வந்தது. பாகில் வெந்து தோலுரிந்த விரல்கள் கண்ணாடியைப் பிடித்து ஜன்னல் பக்கம் மெல்லச் சாய்த்தன. வட்டம் இன்னும் பளிச்சென்று ஆனது.

"வெளிச்சம் போதுங்களா?" என்றாள்.

"போதும்," என்றேன்.

அவள் இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.